கோழித்தீன் அறிக்கையில் ஒரு கோடு

கஜலட்சுமியைப் பற்றி ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால் பிடிவாதக்காரி என்பேன். பேராதனைப் பக்கம் நாங்கள் வேலை செய்யும் தனியார் ஆய்வுகூடத்துக்கு அவர் பத்தொன்பது வருடங்களுக்கு முன் போத்தல் கழுவத்தான் வந்தார். பன்வில தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கழுவி, மாலை வகுப்பில் படித்து, பரீட்சையும் எழுதினார். இன்று ஆசனிக் என்னும் பாஷாணத்தை அளக்கும் இயந்திரம் அவர் கைக்குத்தான் அடங்கும். நான் யோகராஜ், அதே இடத்தில் அறிக்கை தட்டச்சு செய்கிறவன். சொன்னதை அடித்துக் கொடுத்துவிட்டு ஐந்து மணிக்குப் பையைத் தூக்குகிற ஆள்.

போன வருடம் வத்தேகமவிலிருந்து றம்லத்தின் கோழித்தீன் வந்தது. றம்லத் வீட்டோடு ஓர் அரைக்கும் மெஷினை வைத்துக்கொண்டு, தவிட்டோடும் புண்ணாக்கோடும் சந்தையில் மிஞ்சும் கருவாட்டுத் தலைகளை அரைத்து விற்கிறவர். பன்வில பக்கம் கோழி வளர்க்கும் பெண்கள் அவரிடம்தான் வாங்குகிறார்கள். அந்தத் தீனில் நஞ்சு என்று யாரோ முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். யார் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒரு தீவனக் கம்பனி என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கிலோவுக்கு இரண்டு மில்லிகிராமுக்கு மேல் ஆசனிக் இருக்கக்கூடாது. அளந்ததில் மூன்று தசம் ஒன்று வந்தது. முகாமையாளர் மோகனராஜ் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: “அளவை மீறியது. பாவனைக்கு உகந்ததல்ல.” அது போனால் றம்லத்தின் மெஷினுக்கு சீல் வைப்பார்கள். கஜலட்சுமியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவர் வாசித்துவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தார்.

“இதுல நான் வைக்க மாட்டேன் சார்.”

“நம்பர் நீங்க எடுத்ததுதானே?” என்றார் மோகனராஜ்.

“நம்பர் சரி. நீங்க எழுதச் சொன்ன வசனம்தான் சரியில்ல.”

ஆசனிக்கில் பல வகை உண்டு. ஒன்று ஆளைக் கொல்லும். மீனிலும் கருவாட்டிலும் இருப்பது பெரும்பாலும் வேறொன்று, உடம்பில் தங்காமல் சிறுநீரோடு போய்விடும். எங்கள் வழக்கமான முறையில் கடும் அமிலத்தில் காய்ச்சினால் எல்லாம் ஒன்றாகிவிடும், மொத்தம் எவ்வளவு என்பது மட்டுமே தெரியும்.

“மீன் குழம்ப மசிச்சு வடிகட்டிட்டு, இதுல எது மீனு, எது மாங்கான்னு கேக்கிற மாதிரி இருக்கு சார். பிரிச்சுத்தான் அளக்கணும்.”

இயந்திரத்தில் பூட்டி வகை வகையாகப் பிரிக்கும் குழாய் ஏற்றுமதித் தேயிலைக்கு மட்டும்தான், கோழித்தீனுக்கு அதைப் பூட்ட ஏலாது என்றார் மோகனராஜ்.

மறுநாள் றம்லத் வந்து நின்றார். “நான் விஷமா போட்டேன் மிஸ்? எங்கட வீட்டுக் கோழியும் அதத்தானே திங்குது.”

“ஒங்களுக்காக நான் ஒண்ணும் செய்யல,” என்றார் கஜலட்சுமி. “கெட்டது வந்தா அதுலயும் மொத கையெழுத்து என்னுதுதான்.” இந்த வாய்க்காகவே அவரைப் பலருக்குப் பிடிக்காது. எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது.

சனிக்கிழமை எல்லோரும் பார்த்திருக்கவே குழாயைப் பூட்டினார். இயந்திரப் பதிவேட்டில் தன் பெயரையும் “கோழித்தீன், வத்தேகம” என்பதையும் பெரிதாக எழுதினார். தீனை மென்மையான அமிலத்தில் போட்டு இளஞ்சூட்டில் வைத்தார். சூடு ஏறினால் ஒரு வகை இன்னொன்றாக மாறிவிடுமாம். வெப்பமானியை விட்டு எழும்பவே இல்லை, சோற்றுப் பார்சலைக்கூட அங்கேயே பிரித்தார். திரையில் மீன் வகையின் முகடு உயரமாக எழுந்தது. நஞ்சு வகை தரையோடு தரையாகக் கிடந்தது, வெறும் தசம் இரண்டு.

“ஃபோர்ம்ல ஆசனிக்குக்கு ஒரு கட்டம்தான் இருக்கு,” என்றார் மோகனராஜ் திங்கட்கிழமை.

கஜலட்சுமி கட்டத்துக்குக் கீழே கையாலேயே எழுதினார்: “இதில் நஞ்சு வகை 0.2 மட்டும்.” அந்த வரிக்கு மட்டும் கையெழுத்தும் வைத்தார்.

“அத கோடு போட்டு அடிங்க!” என்றார் மோகனராஜ்.

எங்கள் ஆய்வுகூடத்தில் எதையும் அழிக்கக்கூடாது. படிவங்களுக்குத் தொடர் இலக்கம் இருப்பதால் கிழித்துப்போடவும் முடியாது. பிழை என்றால் ஒற்றைக் கோடு போடவேண்டும், அடியில் இருப்பது வாசிக்கத் தெரியவேண்டும், பக்கத்தில் கோடு போட்டவரின் சுருக்கக் கையெழுத்தும் தேதியும் இருக்கவேண்டும்.

கஜலட்சுமி பேனாவை நீட்டினார்.

“நீங்களே அடிங்க சார். பக்கத்துல ஒங்க கையெழுத்து. எங்கப்பா வாசிக்காம கைநாட்டு வச்ச ஆளு. நான் வாசிச்சுட்டுத்தான் வச்சிருக்கேன்.”

மோகனராஜ் பேனாவைப் பார்த்தார். அதை வாங்கவில்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

“வரட்டும்,” என்றார் கஜலட்சுமி.

அறிக்கை என் மேசைக்கு வந்தது. “பாவனைக்கு உகந்ததல்ல” அப்படியே இருந்தது. நான் தட்டச்சு செய்த வசனம். அது இருக்கும்வரை சீல் வைக்க வருகிறவன் கையெழுத்தில் கிடக்கும் வரியை ஏன் பார்க்கப்போகிறான்? வெட்கமாக இருந்தது. பதினொரு வருடமாக எந்தத் தாளிலும் என் பெயர் விழாமல் பார்த்துக்கொண்டவன் நான். பேனாவை எடுத்து அந்த வசனத்தின் மேல் அழுத்திக் கோடு போட்டேன். பக்கத்தில் என் சுருக்கக் கையெழுத்து, தேதி.

கஜலட்சுமி எட்டிப் பார்த்தார்.

“கோடு தடிப்பா போச்சு தம்பி. பரவால்ல, அடியில இருக்கிறது வாசிக்க முடியுது.”

வாசிக்கட்டும் அக்கா. அதை எழுதியவனும் நான்தான், அடித்தவனும் நான்தான் என்று தெரியட்டும்.