வியாழக்கிழமைப் புருஷன் பெண்டாட்டி

பக்கத்து குவார்ட்டர்ஸ் அத்தை வீட்டு டி.வி. ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. அதன் இழுப்புக் கதவுகளைத் தள்ளித் திறக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம் வரும். வியாழக்கிழமை சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். எங்கள் வீட்டிலும் டி.வி. இருந்தது. ஆனால் அத்தையோடு பார்த்தால்தான் எனக்குப் பார்த்த மாதிரி இருக்கும்.

அத்தை என்றால் உறவு இல்லை. நெய்வேலியில் ஒரு பிளாக்கில் நாலு மாவட்டத்துக்காரர்கள் இருப்போம். சுவரை ஒட்டிக் குடியிருந்தால் அத்தை, மாமா. மாமா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனன்ட் ஆள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. நாங்கள் பார்த்த நகைச்சுவைத் தொடரில் வந்த புருஷன் பெண்டாட்டிக்கும் குழந்தை இல்லை. ஏன் என்று அந்தத் தொடரில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவர்கள் வீட்டுக் காலிங் பெல்லை அடித்தவர்கள் சர்க்கரை கேட்டார்கள், குடை கேட்டார்கள், உருப்படாத யோசனை கேட்டார்கள். எங்கள் பிளாக்கில் அத்தை வீட்டுக் கதவைத் தட்டியவர்கள், என் அம்மா உட்பட, "விசேஷம் எதுனா உண்டா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். அத்தைக்கு அந்தத் தொடர் ஏன் அவ்வளவு பிடித்தது என்று ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாமாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட். மதியம் போனால் பத்து மணிக்கு மேல்தான் வருவார். அந்த வாரக் கதை போச்சு. அதனால் மறுநாள் காலை டிபன் நேரத்தில் அத்தை முழுவதையும் நடித்துக் காட்டுவாள். புருஷன் குரல், பெண்டாட்டி குரல், காலிங் பெல் சத்தம் எல்லாம் அவளே. ஒரு கையில் தோசைத் திருப்பி இருக்கும். மாமா சாப்பிடுவதை மறந்து சிரிப்பார். நானும் சீருடையோடு போய் உட்கார்ந்துகொள்வேன். டி.வி.யில் வந்ததைவிட அத்தை செய்ததுதான் நன்றாக இருக்கும். பாசத்தில் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அப்படி ஒரு இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் தொடரின் பெண்டாட்டி மயங்கி விழுந்தாள். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துச் சிரித்தார். புருஷன் கட்டிலில் ஏறிக் குதித்தான். கைத்தட்டல் கேட்டது. அத்தை எழுந்துபோய் டி.வி.யை நிறுத்திக் கதவுகளை இழுத்துச் சாத்தினாள். கதை இன்னும் முடிந்திருக்கவில்லை. "நீ வூட்டுக்குப் போ கண்ணு" என்றாள்.

மறுநாள் காலை போனேன். மாமா பால் வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார். "நேத்து என்ன ஆச்சு?" என்று கேட்டார். அத்தை ஒரு தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு ஆரம்பித்தாள். புருஷன் ஒரு பீரோ வாங்கி வருகிறானாம். அது வாசலில் மாட்டிக்கொண்டதாம். அவன் உள்ளே, அவள் வெளியே, நடுவில் பீரோ. அவனுக்குப் பசி தாங்கவில்லை. அவள் பக்கத்து வீட்டில் சமைத்து எடுத்துவந்து ஜன்னல் வழியாக ஊட்டுகிறாள். "அத்தை, அது இல்லையே" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மாமா தன் தட்டிலிருந்து ஒரு துண்டு தோசையைப் பிய்த்து என் வாயில் வைத்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்துக்கொண்டே, "அப்புறம்?" என்றார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. டி.வி.யில் அந்தப் பெண்டாட்டி பிள்ளை பெற்று, பேர் வைத்து, தொடரும் முடிந்துபோனது. ஆனால் அத்தை வாராவாரம் கதை சொல்வது மட்டும் நிற்கவில்லை. எந்த ஷிஃப்டாக இருந்தாலும் மாமா வெள்ளிக்கிழமை சாப்பிட உட்காரும் நேரத்தில் அவள் சொன்னாள். அவள் கதையில் அந்த இரண்டு பேரும் இரண்டு பேராகவே இருந்து, பீரோவோடு மல்லுக்கட்டினார்கள்.

இப்போது எனக்கு நாற்பது நெருங்குகிறது. என் கணவரும் சுரங்கத்தில்தான் வேலை பார்க்கிறார். அதே டவுன்ஷிப், வேறு பிளாக். எங்கள் ஹாலில் ஒரு மூலையை ஏழு வருடமாகக் காலியாக விட்டிருந்தோம். அங்கே மேலே தொட்டில் மாட்டுகிற கொக்கி இருக்கிறது. சோபா வாங்கியபோதுகூட, "அங்க வேணாம்" என்று அவரே சொன்னார். போன மாசியில் மூன்றாம் முறை சிகிச்சையும் பலிக்கவில்லை. இனி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அதற்குப் பிறகு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் கஷ்டமாகிவிட்டது. அத்தனை வருடமும் ஊசி, மாத்திரை, தேதி இவற்றையே பேசியவர்களுக்கு வேறு பேச்சு வரவில்லை. இரண்டே பேராக இன்னும் முப்பது வருடம் எப்படிக் குடித்தனம் செய்வது என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அந்தப் பயத்தோடு சித்திரையில் ஒரு நாள் காடாம்புலியூருக்குப் பஸ் ஏறினேன். மாமா ஓய்வு பெற்ற பின் இருவரும் அத்தையின் ஊரான அங்கேதான் இருக்கிறார்கள். அத்தை என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பலாச்சுளையை எடுத்து வைத்தாள். நானாகத்தான் சொன்னேன். சொல்லி அழுதேன். அழுது முடித்ததும், மாமாவுக்கு அன்றைக்கு டி.வி.யில் வந்த உண்மையான கதை தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமயா? பால் பூத்துல எல்லாரும் அதத்தான் பேசிக்கினு இருந்தாங்களாம். பாலக் கொண்டாந்து வெக்கிறப்பவே மொகத்தப் பார்த்தேன். தெரிஞ்சிக்கினுதான் வந்துகிறாருன்னு தோணுச்சு."

"அப்புறம் ஏன் பீரோ கதைய சொன்னீங்க?"

"தெரிஞ்சிக்கினே என்ன ஆச்சுன்னு கேக்குறாருன்னா, வேற எதனா சொல்லுன்னுதான அர்த்தம்? மொதல்ல எனக்காவ சிரிச்சாரு. ஜன்னல் வழியா ஊட்டுனதுக்கு நெஜமாவே சிரிச்சிட்டாரு. அத வச்சிக்கினே இத்தன வருசம் ஓட்டிட்டோம்."

வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்த மாமா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஜன்னல் இல்ல. பீரோ பின்தகட்டக் கழட்டிட்டு அது வழியா ஊட்டுனா."

"ஜன்னல்தான்."

"பின்தகடு."

கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். அழ வந்த நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

உள்ளறையில் அந்த மரப்பெட்டி இருந்தது. டி.வி. எப்போதோ போய்விட்டது, உள்ளே இரண்டு பேருடைய மாத்திரை டப்பாக்கள் இருந்தன. கதவைத் தள்ளிப் பார்த்தேன். அதே கடகட. "புடிச்சிருந்தா எடுத்துக்கினு போ" என்றாள் அத்தை. மாமாவே ஒரு மினி வேன் பிடித்து ஏற்றிவிட்டு, "உங்க வூட்டு வாசல அளந்துக்கினியா?" என்று கேட்டார்.

வேன் வந்து சேர்ந்தபோது என் கணவர் இரண்டாம் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர் ஹால் விளக்கைப் போடாமலே படுத்துவிட்டார். அந்த நாட்களில் அப்படித்தான். காலையில் எழுந்து வந்தவர், கொக்கிக்குக் கீழே பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டார். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்லப்போகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். அவர் மேலே கொக்கியைப் பார்த்தார். பிறகு குனிந்து கதவைத் தள்ளினார். கடகடவென்று சத்தம் வந்தது.

"இவ்ளோ பெருசு எப்படி உள்ள வந்துச்சு?" என்றார்.

உண்மையில் அது சுலபமாகத்தான் உள்ளே வந்தது. நான் தோசைத் திருப்பியும் கையுமாக ஹாலுக்கு வந்து, பெட்டி வாசலில் மாட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அப்புறம்?" என்றார்.