அவளுக்கு இருபது

என்னைப் பட்டறையில் ஓட்டை என்பார்கள். பதினான்கு வருஷமாக டிரில்லிங் மெஷினில் நின்று துளை போடுகிறவனுக்கு வேறென்ன பட்டம் கிடைக்கும்? மைக்ரான் அக்காவுக்குக் கிடைத்தது இன்னும் கௌரவமான பட்டம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு மைக்ரான். அந்த ஒரு கூறுக்காக அக்கா யாரோடும் மல்லுக்கு நிற்பார். கட்டிய புருஷனோடும்தான்.

புருஷனோடுதான் அதிகம். அக்காவின் வீட்டுக்காரரான மாமா எங்கள் பட்டறையின் ஒரே சி.என்.சி. லேத்தை, அதாவது திரையில் அடிக்கும் அளவுக்குத் தானே உலோகத்தை வெட்டும் மெஷினை, ஓட்டுகிறவர். அவர் வெட்டியதை அளந்து பார்த்து அனுப்புகிறவர் அக்கா. கதவோரம் மெஷின், ஜன்னலோரம் அக்காவின் மேஜை, நடுவில் நான். வெட்டிய உருப்படிகளை மாமா தட்டில் அடுக்குவார். தட்டு நிரம்பியதும் அது மேஜைக்குப் போகும். எந்தப் புது வேலையானாலும் முதல் தட்டு திரும்பி வந்துவிடும்.

"இருபது மைக்ரான் குறையுது," என்பார் அக்கா.

"நான் அளக்கும்போது சரியா இருந்துச்சே."

"உங்க கண்ணுல கோளாறு."

"உன் கையில கோளாறு."

இரண்டு பேரிடமும் இருந்தவை ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய, மைக்ரான் வரை அளக்கும் மைக்ரோமீட்டர்கள். அவர்கள் இங்கே சேர்ந்த நாளிலிருந்து பதினோரு வருஷமாக இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே நான் துளை போட்டிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் மாமா பல்பு மாட்டுவதற்காக ஏணியில் ஏறி, ஏணியோடு கீழே வந்தார். தோள்பட்டை விலகிவிட்டது. எட்டு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி இரண்டு நாள் அந்த மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள், "சும்மா நிக்கறதுக்கு வித்துடலாம்னு பார்க்கறேன்," என்று என்னிடம் சொன்னார். சொன்னது என்னிடம், காதில் விழுந்தது அக்காவுக்கு. மேஜையை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"நான் ஓட்டறேன்."

"உனக்கு அளக்கத்தானேம்மா தெரியும்?"

"வெட்டறவர் பண்ற தப்பு அத்தனையும் தெரியும். பாதி வேலை கத்துக்கிட்ட மாதிரிதானே அது?"

முதலாளி தலையாட்டிவிட்டுப் போனார். அக்காவுக்கு அந்த மெஷின் ஏன் வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. தோள் சரியாகி மாமா திரும்பி வரும்போது அவர் நிற்க ஓர் இடம் இருக்க வேண்டும். வேறு எந்த வேலையும் தெரியாத மனிதர்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாமா வாயால் ஓட்டிக் காட்டுவார், காலையில் அக்கா கையால் ஓட்டிப் பார்ப்பார். முதல் வாரம் ஐம்பது மில்லிமீட்டருக்கு ஐம்பது என்று அடித்துவிட்டுப் பின்னால் புள்ளி வைக்க மறந்துபோனார். புள்ளி இல்லாவிட்டால் அந்த மெஷினுக்கு அது ஐம்பது மைக்ரான். வெட்டும் கருவி அசைந்ததாகவே தெரியவில்லை. வேலைநிறுத்தம் செய்கிறது என்று நினைத்து அக்கா மெஷினின் விலாவில் ஒரு தட்டு தட்டினார். இரண்டாம் வாரம் ஒரு கருவியை உடைத்தார். மூன்றாம் வாரம், முழுதாகத் தானே வெட்டிய ஓர் இரும்புக் குழலைத் தூக்கிக்கொண்டு என் மெஷினுக்கே ஓடி வந்தார். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி, செருப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

"பாருடா தம்பி. நான் வெட்டினது."

எனக்கும் ஜிவ்வென்று ஏறியது. அன்று நான் போட்ட துளைகளில் இரண்டு கோணலாகப் போயின. அதை அக்கா கண்டுபிடித்துத் திட்டவும் செய்தார்.

நான்காம் வாரம் பம்ப் கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தது. நூறு அலுமினிய வளையம். வெளிவிட்டம் அறுபது மில்லிமீட்டர், பத்து மைக்ரான் முன்னே பின்னே போகலாம், அதற்கு மேல் ஆகாது. மாமா ஏற்கெனவே செய்த வேலைதான். எந்தக் கருவி, எவ்வளவு வேகம் எல்லாம் அவருடைய நோட்டில் இருந்தன. அக்கா விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றார். "அவளுக்கு 20" என்று எழுதியிருந்தது.

"எவளுக்கு?" என்றார் என்னைப் பார்த்து.

நான் துளையை மட்டும் பார்த்தேன்.

அக்கா மெஷினின் திரையில் தேடிப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மாமா அளவை இருபது மைக்ரான் கூட்டி வைத்திருந்தார். வேண்டுமென்றே கூட்டி வைத்த தப்பு, அதுவும் அக்காவின் பெயரில். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த இருபதை நீக்கிவிட்டு, வரைபடத்தில் உள்ளபடி கச்சிதமாக அறுபதுக்கு வெட்டினார். ஒவ்வொரு வளையத்தையும் கழற்றிய கையோடு மெஷின் பக்கத்திலேயே அளந்தார். எல்லாம் அறுபது, முள் முனை பிசகவில்லை. வெட்டியவரும் அளந்தவரும் ஒருவரே என்பதால் தட்டு மேஜைக்குப் போகவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. நான் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்த பன் போல ஒவ்வொன்றும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. கைக்குத் தெரிந்தது புத்திக்கு எட்டவில்லை.

வியாழக்கிழமை காலை பெட்டி அப்படியே திரும்பி வந்தது. நூறும் இருபது மைக்ரான் குறைவு.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "சனிக்கிழமை மெஷினைப் பார்க்க ஒருத்தர் வர்றார்மா. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பத்தே பத்து வளையம் கம்பெனிக்காரன் ஒத்துக்கற மாதிரி கொடு. மெஷின் இங்கேயே இருக்கட்டும். இல்லன்னா நான் பேசி முடிச்சுடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா திரும்பி வந்த வளையங்களைத் தன் பழைய மேஜையில் வைத்து அளந்தார். ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்பது எட்டு. இன்னொன்று, அதுவும் அதே. மைக்ரோமீட்டர் கெட்டுவிட்டதோ என்று அளவுக் கட்டையை வைத்துச் சோதித்தார். மைக்ரோமீட்டர் சரியாகவே இருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு மாமாவுக்கு போன் போட்டார். கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில்.

"அது என்ன அவளுக்கு இருபது?"

அந்தப் பக்கம் ஒரு நீண்ட இருமல். "நோட்டைப் பார்த்துட்டியா? அது ஒண்ணும் இல்ல. நான் சரியா வெட்டினாலும் நீ கம்மின்னுதான் சொல்லுவ. முதல் தட்டு திரும்பி வந்ததும், நீ எவ்வளவு கம்மின்னு சொல்றியோ அதைக் கூட்டி வச்சுடுவேன். சண்டை இல்லாம சாப்பாடு கிடைக்கும் பாரு."

"எல்லா வேலைக்குமா?"

"வேலைக்கு ஒரு கணக்கு. எல்லாம் நோட்டுல இருக்கு."

அக்கா போனை வைத்துவிட்டு நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். சின்ன இரும்பு ஊசி, அவளுக்கு ஒன்றும் இல்லை. முப்பது மில்லிமீட்டர் இரும்பு, அவளுக்கு 5. அதே முப்பது, அலுமினியம், அவளுக்கு 10. தொண்ணூறு மில்லிமீட்டர் அலுமினியம், அவளுக்கு 30.

"தம்பி, என் கைக்குக் கோளாறுன்னா எல்லாத்துலயும் ஒரே கோளாறா இருக்கணும்ல?" என்றார் மெதுவாக. "இரும்புக்கு ஒண்ணு, அலுமினியத்துக்கு ஒண்ணு, பெருசுக்கு ஒண்ணு, சின்னதுக்கு ஒண்ணுன்னு என் கை ஆள் பார்த்தா தப்பு பண்ணும்?"

நேராக மெஷினுக்குப் போய் ஒரு வளையம் வெட்டினார். கழற்றியதும் அளந்தார், அறுபது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு என் கையைப் பிடித்திழுத்து அதில் வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"சூடா இருக்குக்கா."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. அக்கா அதை ஜன்னலோர மேஜையின் கனத்த இரும்புப் பலகை மேல் வைத்தார். டீ வந்தது. யாரும் தொடவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து அளந்தார். குறைந்தது போல இருந்தது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். பத்து மைக்ரான் போயிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் கழித்து இருபதும் போயிருந்தது. எங்கள் கண்ணெதிரே, யாரும் தொடாமல், ஓர் உலோக வளையம் சிறுத்துக் கிடந்தது. எனக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. உருப்படி சூட்டில் உப்பும், ஆறினால் சுருங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். மார்க் வாங்க மட்டும் படித்தது இப்படி வந்து முன்னால் நிற்கும் என்று யார் கண்டது?

மாமா சுடச்சுட அளந்திருக்கிறார். தட்டு நிரம்பி மேஜைக்கு வரும்போது எல்லாம் ஆறியிருக்கும், அக்கா ஆறியதை அளந்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பதினோரு வருஷம்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா திரையில் அந்த இருபதைத் திரும்ப ஏற்றினார், புள்ளியோடு. பத்து வளையங்கள் வெட்டி, ஒவ்வொன்றையும் பலகையில் அரை மணி நேரம் ஆறவிட்டு அளந்தார். பெட்டியை முதலாளி ஸ்கூட்டரில் தானே எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் யாரும் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. அக்கா துடைத்த மெஷினையே மறுபடி மறுபடி துடைத்தார். நாலரைக்கு போன் அடித்தது.

"பத்தும் ஓகேம்மா," என்றார் முதலாளி. "மிச்சம் தொண்ணூறை ஆரம்பிச்சுடு. நாளைக்கு வர்றவரை வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மாமாவுக்கு போன் போட்டார்.

"என்னங்க, உங்க இடம் இருக்கு. தோளை ஒழுங்கா பார்த்துக்கிட்டு வாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க வெட்டினதும் சரிதான். நான் அளந்ததும் சரிதான்."

சூடு, ஆறுவது என்று எல்லாவற்றையும் விளக்கினார். கேட்டு முடித்ததும் மாமா பேசினார்.

"அப்போ இத்தனை வருஷம் எதுக்குடி சண்டை போட்டோம்?"

"தெரியல. ஆறட்டும்னு ஒருத்தரும் விடலையே," என்று சொல்லி அக்கா சிரித்தார்.

தொண்ணூறையும் முடித்த நாளில் நோட்டில் புதுப் பக்கம் எழுத உட்கார்ந்தார். கருவி, வேகம், தேதி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரிக்கு வந்தார். நான் எட்டிப் பார்த்தேன். "அவளுக்கு 20" என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"சூட்டுக்கு இருபதுன்னு எழுதுங்கக்கா. அதானே சரி?"

"சரிதான்," என்றார் நிமிராமல். "ஆனா அந்த மனுஷன் இத்தனை வருஷமா என் பேர்ல எழுதி வச்சதுடா. இருந்துட்டுப் போகட்டும்."