துடிப்பு கேட்பவள்

பருத்திப்பட்டு ஏரி தெரியும் எங்கள் பால்கனியில் உட்கார்ந்துதான் அந்த அறிவியல் கதையை எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகியின் காதுக்குப் பின்னால் ஒரு சிப். அதைப் பொருத்தியபின் சுற்றியிருக்கும் உயிர்களின் இதயத்துடிப்பெல்லாம் அவளுக்குக் கேட்கும். ஏரி மீனும் தப்பாது, கரையில் நிற்கும் கொக்கும் தப்பாது. பகலெல்லாம் மென்பொருளில் பிழை தேடுகிற எனக்கு இப்படி ஒரு கர்வம் தேவைப்பட்டது.

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அம்பத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டாக்டருக்கு உதவியாக எட்டு வருடமாக நிற்பவள் அவள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“இன்னா பெரிய சக்தி? இன்னைக்கு மட்டும் ஒம்போது கொழந்தையோட துடிப்பு கேட்டுட்டு வந்துகீறேன்.”

அப்போதுதான் அந்த அறையின் வழக்கத்தைச் சொன்னாள். எல்லாம் நல்லபடியாக இருந்தால் டாக்டர் சத்தத்தைக் கூட்டி, தாய்க்குத் துடிப்பைக் கேட்கவைப்பார். இல்லையென்றால் சத்தமே வைக்கமாட்டார். “உங்க டாக்டர் பாத்துச் சொல்வாங்க” என்பதோடு சரி. கதைக்கு ஆகும் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். எழுதுகிறவன் புத்தி.

சில மாதம் கழித்து அதே ஸ்கேன் அறைக் கட்டிலில் அவளே படுத்தாள். கல்யாணமாகி நான்கு வருடத்துக்கு அப்புறம் தங்கிய கரு. பக்கத்தில் நிற்க என்னையும் விட்டார்கள். டாக்டர் கருவியை நகர்த்த, திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. குழந்தைதான் என்று பூரித்துப்போனேன். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, தினமும் தன் கூடவே நிற்கிறவளிடமும் அதையேதான் சொன்னார்.

“உங்க டாக்டர் பாத்துச் சொல்வாங்கம்மா.”

நான் பல்லைக் காட்டிக்கொண்டு, “போட்டோ ஒண்ணு கிடைக்குமா மேடம்?” என்று கேட்டேன். டாக்டர் தலை நிமிரவில்லை. மனைவிதான் எழுந்து என் கையைப் பிடித்து, “வாங்க, போலாம்” என்றாள்.

படியிறங்கும்போது மெதுவாகச் சொன்னாள். “சத்தம் வைக்கலைங்க.”

என் நோட்டில் நானே எழுதிவைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அழுகைக்கு முன்னால் வெட்கம் வந்தது. அங்கேயே, படியிலேயே, இருவரும் உட்கார்ந்துவிட்டோம்.

அந்தக் கதையை நான் முடிக்கவில்லை. அதில் வருகிறவளுக்கு ஏரி மீனின் துடிப்புகூடக் கேட்கிறது. எனக்கோ, அந்த அறையில் என்னைப் பிடித்த கை சில்லிட்டிருந்தது தெரிந்தது. ஏசி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.