மகளை மொழி வகுப்பில் சேர்க்கப் புத்தளம் போனது

காலை ஏழு மணிக்கு நுரைச்சோலையில் பிஸ்மி சொல்லி பஸ் ஏறினோம், நானும் மகள் ஸஹ்லாவும். புத்தளத்துக்கு ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கே ஒரு தனியார் நிலையத்தில் வெளிநாட்டு மொழிகள் படிப்பிக்கிறார்கள். குடும்பக் கஷ்டத்துக்கு அவள் வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டும். நான் அரபு என்றேன், அவள் கொரிய மொழி என்றாள். ஹலால் சாப்பாடுகூடத் தேடித் திரிய வேண்டிய நாடு. நினைத்தாலே எனக்கு நித்திரை வராது.

பாலாவி தாண்டி உப்பளங்கள் வெள்ளையாய்க் கிடந்தன. பின் சீட்டில் கொரியப் புத்தகங்களோடு ஐந்தாறு வாலிபர்கள். கண்டக்டர் சீண்டினார்: "தம்பிமார் எல்லாரும் கொரியா போனா, கல்பிட்டியில வலை இழுக்கிறது யாரு, பூனையா?" பிறகு என்னை அண்ணன் முறை வைத்து, "மகள் என்ன பாஷை, நானா?" என்றார்.

"அரபு. குர்ஆன் இறங்கின பாஷை. பொம்புளப் புள்ளைக்குப் பயமில்ல."

ஸஹ்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிலையம் ஒரு பார்மசிக்கு மேல்மாடியில். ஒரு பக்கம் கொரிய வகுப்பு, முழுக்க ஆண்கள். மறுபக்கம் அரபு, முழுக்கப் பெண்கள். யாரும் பிரித்து வைக்கவில்லை. அவர்களுக்குக் கொரியாவில் பெக்டரி, இவர்களுக்கு அரபு நாட்டில் வீட்டு வேலை. அவ்வளவுதான்.

அரபு வகுப்பு வாசலில் நின்றேன். உள்ளே பெண்கள் ஒரே குரலில் அரபு ஓதினார்கள். மனம் குளிர்ந்து, துஆ என்று நினைத்து இரு கையும் ஏந்தி, முடிவில் "ஆமீன்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அவர் சவூதியில் கனகாலம் வீட்டு வேலை செய்து திரும்பியவர்.

"நானா, அது துஆ இல்ல. 'எனக்கு அடிக்காதீங்க மேடம், என்ட பாஸ்போர்ட்டத் தாங்க' எண்டு சொல்லிக் குடுத்தன். முதல் மாசமே தேவைப்படலாம்."

ஏந்திய கையை இறக்கினேன். எதற்கு ஆமீன் சொன்னேன்!

"அந்தப் பக்கம் ஆம்புளயள் என்ன படிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"ஓவர்டைம் எவ்வளவு எண்டு கேக்கப் படிக்கிறாங்க."

ஸஹ்லா என் சட்டைக் கையைப் பிடித்தாள். "வாப்பா, அங்க நான் ஒருத்திதான் பொம்புள. எனக்கும் பயம்தான். ஆனா இந்த வசனத்தப் படிச்சிட்டுப் போக மாட்டன்."

"ஓம் மகள்" என்று தலையாட்டினேன்.

கொரிய வகுப்பில் முன்வாங்கில் அவள் போய் உட்கார்ந்தாள். அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் தனியாக இருந்தேன். என் பிள்ளை அந்த அரபு வகுப்பில் இல்லை. ஆனால் அங்கே சிரித்தவர்களும் யாரோ ஒரு வாப்பாவின் மகள்மார்தானே. பாடமான துஆ எதுவும் நாக்கில் வரவில்லை. தமிழிலேயே கேட்டேன்: யா அல்லாஹ், அந்தப் புள்ளைகள் இண்டைக்குப் படிச்சது ஒருத்திக்கும் தேவைப்படாமல் ஆக்கு.