படப்பை வரை ஜப்பானிய மொழியில் ஒரு பயணம்

சிட்லபாக்கத்தில் என் வீட்டிலிருந்து படப்பைக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர்தான். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டே மூன்று வருடமாக நான் படித்த ஜப்பானிய மொழி முதன்முதலாக ஒருவருக்குப் பயன்பட்டது இந்தப் பயணத்தில்தான்.

அந்த ஒருவர் படப்பையில் குடியிருக்கும் ஜப்பானியப் பெண் அயாகோ. கணவருக்கு ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஐந்தாம் மாதக் கர்ப்பம், தலைச்சன் பிள்ளை. என்னோடு மொழி படிக்கும் தோழி மூலம் போனில் அழைத்தார். குழந்தையின் அசைவு இன்னும் தெரியவில்லை, பயமாக இருக்கிறது, டாக்டரிடம் கூட வர முடியுமா என்றார். போன சனிக்கிழமை கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை ஒன்பதரைக்குப் பேருந்து. சாதாரணப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முடிச்சூர் தாண்டியதும் அயாகோவுக்குப் போன் செய்து, இதோ வருகிறேன் என்று நினைத்து, "சுகு கிமாஸ்" என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

படப்பை பேருந்து நிறுத்தத்துக்கு அவர் காரில் வருவதாக ஏற்பாடு. பத்தேகாலுக்கு இறங்கினேன். கார் இல்லை. அரை மணி நேரம் வெயிலில் நின்றேன். பதினொரு மணிக்கு டாக்டர். மறுபடி போன் செய்தேன்.

"பஸ் இன்னும் வரவில்லையா?" என்று அவர் பரிவோடு கேட்டபோதுதான் புரிந்தது. நம்மோடு பேசுகிறவர் இருக்கும் இடத்துக்கு நாம் 'வருகிறேன்' என்போம். ஜப்பானியர் 'போகிறேன்' என்பார்கள். நானோ 'நான்' என்பதையும் விட்டுவிட்டேன்; 'கிமாஸ்' என்றால் வருவது யார், எது என்று தமிழ் போல வினையிலேயே தெரியாது. பஸ் இதோ வந்துவிடும், நான் இன்னும் தாம்பரத்தில்தான் நிற்கிறேன் என்று எடுத்துக்கொண்டு அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னா பாஷைக்கா இது? நம்ம மாதிரியே இழுத்துகினு பேசுறீங்க?"

"ஜப்பான் பாஷைண்ணா. நம்ம மாதிரின்னு நெனச்சுத்தான் மாட்டிக்கிட்டேன்."

அயாகோ காரில் வந்து, நாங்கள் கிளினிக் போய்ச் சேர்ந்தபோது டோக்கன் தாண்டிவிட்டது. கடைசியில்தான் பார்ப்பார்கள் என்றார் நர்ஸ். பன்னிரண்டரை வரை அயாகோ என் விரல்களை விடவே இல்லை.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "குழந்தை நல்லா வளந்துட்டு இருக்கு. மொதல் கொழந்தைன்னா அசைவு தெரிய லேட்டாகும்" என்றார். ஆங்கிலத்துக்குப் போகாமல், தமிழ் வரிசையிலேயே வார்த்தைகளை ஒவ்வொன்றாக மாற்றி வைத்தேன். வினைச்சொல் கடைசியில், அதன் பின்னால் 'இருக்கிறது'. ஒன்றும் இடறவில்லை. வாந்திக்கு மாத்திரை எழுதி, "சாப்ட்டுப் பாருங்க" என்றார். ஜப்பானியரும் இதை 'பார்' என்றுதான் முடிப்பார்கள். அயாகோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதே போலப் படிக்கிறவர்களுக்கு: வாக்கிய அமைப்பில் தமிழை நம்புங்கள். வருவது, போவது, கொடுப்பது, வாங்குவது, இவற்றை மட்டும் புதிதாகப் படியுங்கள். ஜப்பானியர் எழுதும் சீன எழுத்துகளுக்குத் தமிழ் உதவாது, எழுதி எழுதித்தான் வரும். படப்பைக்குப் போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள், நிறுத்தத்தில் நிழல் குறைவு.

என்னைத் தாம்பரத்தில் விடக் காரிலேயே வந்தார் அயாகோ. மண்ணிவாக்கம் அருகே பேச்சை நிறுத்திவிட்டு, வயிற்றின் மேல் கை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார். "உகோயிதா."

அசைந்தது. எது என்று நான் கேட்கவில்லை.