குளியலறையிலை வீங்கின பியர் வாளி

இண்டைக்குப் பலேர்மோவிலை அனல்காத்து. வேலையாலை வந்து குளியலறையைத் திறந்தன். நான் முதன்முதலாப் பியர் புளிக்க வைச்ச வாளியின்ரை மூடி பலூன் மாதிரி வீங்கியிருந்தது. காத்துப் போற குழாயை நுரை அடைச்சிட்டுது.

மனுசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினா. கீழ்வீட்டு இத்தாலிக்கார அம்மா, சின்யோரா, "என்ன, குண்டோ?" எண்டு கேட்டா.

மாஃபியாக்காரர் குண்டு வைச்ச இந்த ஊரிலை அது பகிடிக் கேள்வி இல்லை.

பியர் செய்யத் தெரிஞ்ச யோசேப்பு அண்ணைக்குப் போன் எடுத்தன்.

"சூட்டுக்கு ஈஸ்ட் வெறிபிடிச்சு வேலை செய்யுது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியை மெள்ளத் தளத்து. பிறகு வாளியைக் குளிர்தண்ணிக்கை வைச்சு, ஈரத்துவாயாலை சுத்து," எண்டார்.

தளத்தினன். உஸ்ஸெண்டு காத்துப் போச்சுது.

இப்ப குளியல் தொட்டிக்கை ஐஸ்போத்தல்களோடை வாளி இருக்குது. பியர் ஆகிற வரைக்கும் நாங்கள் எங்கை குளிக்கிறது, ஆராவது சொல்லுங்கோ.