எல்லாரையும் காட்டு

இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் இருக்கும் எங்கள் கண்டெய்னர் யார்டுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. காலையிலேயே மேனேஜருக்குப் படபடப்பு.

"ஹெல்மெட் லிஸ்ட்ல கான்ட்ராக்ட் ஆளுங்க வரிசைய மட்டும் மறைச்சிடும்மா" என்றார். அவர்களுக்குத்தான் இன்னும் ஹெல்மெட் தரவில்லை.

மறைத்தேன். எக்செல் தாளில் அந்த வரிசைகளின் மீதே, மறைந்ததையெல்லாம் ஒரே அழுத்தில் திறக்க நான் வைத்திருந்த 'எல்லாரையும் காட்டு' பட்டனும் கூடவே நசுங்கிக் காணாமல் போனது. மேனேஜருக்குத் திருப்தி.

பின்னால் நின்று பார்த்த கிரேன் ஆபரேட்டர் தாஸ் அண்ணனும் கான்ட்ராக்ட் ஆள்தான். "இன்னாம்மா, எங்களத் தூக்குனா உன் பட்டனும் பூட்ச்சா? எங்ககூட சேந்தா இதான்" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. வரிசைகளைத் திறந்தேன். பட்டனைத் தலைப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கட்டங்களோடு சேர்ந்து நகரவும் கூடாது, சுருங்கவும் கூடாது என்று அதன் அமைப்பை மாற்றினேன். பிறகு மேனேஜர் சொன்னபடியே மறைத்தேன். பட்டன் அசையவில்லை.

மதியம் வந்த தலைமை அலுவலகத்துக்காரர், "இது எதுக்கு?" என்று கேட்டபடியே பட்டனை அழுத்தினார். மறைத்திருந்த பதினெட்டுப் பேரும் திரையில் வந்து நின்றார்கள். ஹெல்மெட் கட்டம் காலி.

நாளைக் காலை மேனேஜர் தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். போவேன். பட்டனை எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன்.

உங்கள் ஆபீஸ் லிஸ்டில் இடது ஓர வரிசை எண், பன்னிரண்டிலிருந்து முப்பத்தொன்றுக்குத் தாவுகிறதா? நடுவில் மறைந்திருப்பது யார் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.